ஆற்றுப் படகும் கடற்பாயும்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் பொம்மையார்பாளையம். முன்னாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1993இல் விழுப்புரம் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதன் எல்லைக்குள் வந்தது. சமய வரலாறு கற்றோர் மயிலம் பொம்மபுர ஆதீனத்தின் வழியாக இவ்வூர்ப் பெயரை அறிவர். கடல் வரலாறு கற்போர் இவ்வூரை நோக்க வேறொரு காரணம் உண்டு. இதற்குத் தெற்கே, செஞ்சி மலைப்பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலோடு கலக்கிறது. வடக்கே மரக்காணம் வரை கழுவெளி என்னும் பெருங்கழி பரந்து கிடக்கிறது. இவ்விரு அமைந்த நீர்களுக்கும் நடுவே, அலை ஓயாத திறந்த கடல் இவ்வூரின் முன் நிற்கிறது. ஆற்றிலும் கழியிலும் மீன் பிடிக்கும் படகும், அலை கடந்து ஓடும் கட்டுமரமும் ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் பன்னெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்த நிலப்பகுதி இது.

இத்தகைய இடத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஆற்றில் மீன் பிடிக்கும் படகு ஒன்று கையில் இருக்கிறது, ஆற்றில் மீன் குறைகிறது, கடலில் மீன் இருக்கிறது, காற்றுக்கு விலையில்லை. அப்படகுக்கு ஒரு பாய்மரம் நட்டு, பாய் ஏற்றி, கடலோடும் கலமாக மாற்றிக்கொள்ளலாமா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆயினும் படகு என்பது ஒரு குடும்பத்தின் முழு உடைமை; அதில் ஏறிச் செல்வோர் அக்குடும்பத்தின் தந்தையும் மக்களும். தவறான விடை பணத்தோடு முடிவதில்லை. ஆகவேதான் தமிழகக் கடற்கரை இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறாமல், நீருக்கு நீர் வேறுபட்ட விடைகளைக் கண்டு வைத்திருக்கிறது. அவ்விடைகளின் வரலாறே ஈண்டுக் கூறப்படுகிறது.

பெயரில் உள்ள பாகுபாடு

பழந்தமிழ்ப் பாடல்களில் நீரில் செல்லும் ஊர்திகளுக்கு அம்பி, பஃறி, திமில், தோணி, ஓடம், புணை, கலம், வங்கம், நாவாய் எனப் பல பெயர்கள் உள்ளன. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வது பின்னாளைய வழக்கம். பாடல்களின் சூழலை நோக்கின் பெரும்பாலும் வேறுபாடு தெரிகிறது. திமில் பரதவர் கடலில் மீன் பிடிக்கச் செல்வது. அம்பி மக்களை நீர் கடத்துவது. நாவாயும் வங்கமும் பாய் விரித்து நெடுங்கடல் ஓடுவன. பட்டினப்பாலையில் வரும் பஃறி, உப்புக்கு மாற்றாகப் பெற்ற நெல்லைச் சுமந்து கழியில் வந்து, இலாயத்துக் குதிரை போலக் கட்டப்பட்டு நிற்பது. அதற்குப் பாய் கூறப்படவில்லை. கழிக்குப் பாய் தேவைப்படவும் இல்லை.

புறநானூற்றின் முப்பதாம் பாட்டு இன்னும் நுட்பமான ஒரு செய்தியைத் தருகிறது. முதுகண்ணன் சாத்தனார், பாய்மரத்தோடு பாயையும் களையாமல், ஏற்றிய பாரத்தையும் குறைக்காமல், ஆற்று முகத்தில் புகுந்த பெருங்கலத்தைப் பாடுகிறார். அது சிறப்பாகப் பாடப்படுவதாலேயே, பிற இடங்களில் வழக்கம் வேறாக இருந்தது என்று கொள்ள இடமுண்டு. கடலில் வந்த கலம் ஆற்றுவாயில் பாயை இறக்கும். பாரத்தைச் சிறு படகுகளுக்கு மாற்றும். ஆற்று முகம் என்பது உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இடம் மட்டுமன்று. பாயின் ஆட்சி முடிந்து துடுப்பின் ஆட்சி தொடங்கும் எல்லையும் அதுவே.

அறுபத்தாறாம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோன் ஒருவனைக் காற்றை ஏவல் கொண்டவனாகக் கூறுகிறார். அது மன்னர்க்குரிய புகழ்மொழி. எளிய மீனவர்க்கு அமைந்த காற்றோ ஏவலுக்குப் பணிவதன்று. இசைந்து போனால் உதவுவது, இசையாவிடில் அழிப்பது. படகுக்குப் பாய் கட்டுவதா என்னும் கேள்வி, இவ்விசைவைப் பெறும் உடல் அப்படகுக்கு உண்டா என்னும் கேள்வியே ஆகும்.

பொதுகேயும் சோபட்மாவும்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற் பயண நூலான பெரிப்ளூஸ், சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைகளை வரிசைப்படுத்துகிறது. பொதுகே என்பதைப் புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டோடு பொருத்துவது பெருவழக்கு. அங்கு 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவரை அடுத்துக் கசால் என்னும் பிரெஞ்சு ஆய்வாளரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு செய்தனர். சோபட்மாவை எயிற்பட்டினம் எனவும், அதனை மரக்காணம் எனவும் அறிஞர் பலர் கருதுவர். சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் கடற்கரை ஊர் அந்த எயிற்பட்டினம். அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் அடங்கியுள்ளது. இவ்விணைப்பு சரியாயின், பொம்மையார்பாளையம் அவ்விரு துறைகளுக்கும் இடைப்பட்ட கரையில் அமைகிறது.

அரிக்கமேடு ஆற்றங்கரையில் இருப்பது. கடலை நேரே எதிர்கொள்வதன்று. மரக்காணமும் கழிமுகத்தை அடுத்தது. பழந்துறைகள் இரண்டும் அமைந்த நீரைத் தேடியே அமைந்தன என்பது கருதத்தக்கது. பெரிப்ளூஸ் இத்துறைகளில் மூவகைக் கலங்களைக் குறிக்கிறது. முதல் வகை, கரையை ஒட்டி மேலைக்கடல் வரை செல்வது. இரண்டாவது, தனிமரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரா என்னும் பெரிய கலம். மூன்றாவது, கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் மிகப் பெரிய கொலாந்தியா.

இவற்றுள் சங்கரா என்பதே நம் கேள்விக்கு நெருங்கியது. இரண்டு குடைமரத் தோணிகளை இணைத்து மேலே தளம் அமைத்த கலத்துக்குத் தமிழிலும் மலையாளத்திலும் சங்காடம், சங்ஙாடம் என்னும் பெயர்கள் உண்டு. சங்கராவும் அதுவும் ஒரே மரபின என்பது அறிஞர் சிலர் கருத்து. அக்கருத்தை ஏற்பின், இந்நாட்டார் ஆற்றுத் தோணியைப் பெருநீருக்கு ஏற்றதாக்கக் கண்ட மிகப் பழைய வழி, அதற்குப் பாய் கட்டுவதில் தொடங்கவில்லை. முதலில் அதற்கு ஒரு துணையைக் கட்டினர்; கவிழாத அகலம் கிடைத்தது. பாய் அதன் பின்னரே. அதே கரையில், சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட பகுதியில் கிடைத்த சாதவாகனர் ஈயக் காசுகளில் இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாய்க்கலம் இக்கரையில் அரசின் அடையாளமாகும் அளவுக்கு வளர்ந்திருந்தது என்பதற்கு அது சான்று.

பாய் கேட்கும் விலை

பாய் கட்டுவது காற்றை இலவசமாகப் பெறுவது போலத் தோன்றும். ஆனால் பாய் படகிடம் நான்கு விலை கேட்கிறது.

முதலாவது, பக்கவாட்டில் நழுவாமை. காற்று பின்னிருந்து வீசும்வரை எந்தப் படகும் பாயால் ஓடும். ஆற்றில் துணியை விரித்துக் காற்றோடு போகும் படகுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. காற்று பக்கத்தில் திரும்பியதும் நிலை மாறுகிறது. அப்போது பாய் படகை முன்னே தள்ளுவதோடு பக்கத்திலும் தள்ளும். நீருக்குள் ஆழ்ந்த ஏரா உள்ள கலம் அத்தள்ளுதலை எதிர்த்து நிற்கும். மணல் திட்டுகளின் மேல் தவழ்வதற்கென்றே தட்டையாகச் செய்யப்பட்ட ஆற்றுப் படகின் அடிக்கு அப்பிடிப்பு இல்லை. அது தட்டு போல வழுக்கும். கரையை நோக்கிக் காற்று வீசும் வேளையில் அவ்வழுக்கல் படகை அலை உடையும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இரண்டாவது, சாயாமை. பாய் உயரத்தில் பிடிக்கும் காற்று படகைச் சாய்க்கும். அதை எதிர்க்க அகலம் வேண்டும், அல்லது அடிப்பாரம் வேண்டும், அல்லது காற்று வரும் பக்கத்தில் ஆள் ஏறி அமர இடம் வேண்டும். ஆற்றுப் படகின் பக்கச் சுவரோ வலையை எளிதில் இழுப்பதற்காகத் தாழ்வாக அமைந்தது. சிறிது சாய்ந்தாலும் நீர் உள்ளே வரும்.

மூன்றாவது, உடற்கட்டு. பாய்மரத்தின் அடி படகின் தளத்தைக் கீழ்நோக்கி அழுத்தும். அதைப் பிடித்து நிற்கும் கயிறுகள் பக்கப் பலகைகளை மேல்நோக்கி இழுக்கும். ஆற்றுப் படகின் பலகைகள் இவ்விழுப்பை எண்ணிப் பொருத்தப்பட்டவை அல்ல. மரம் நடும் இடத்தில் குறுக்குச் சட்டமும் அடிக்கட்டையும் புதிதாக வேண்டும். அவற்றைச் சேர்த்தால் படகு கனக்கும். கனத்தால் ஆற்றின் ஆழமற்ற இடங்களில் தரை தட்டும்.

நான்காவது, திருப்பும் ஆற்றல். துடுப்பால் திருப்பும் படகு, பாய் ஏறியதும் சுக்கான் கேட்கும். சுக்கான் ஆழமாக இறங்க வேண்டும். அலை கடந்து மணலில் ஏறும்போது அதைத் தூக்கவும் வேண்டும்.

இந்நான்கையும் கொடுத்து முடித்தபின் கையில் இருப்பது பழைய ஆற்றுப் படகன்று. ஆற்றுக்கும் முழுதும் உதவாமல், கடலுக்கும் முழுதும் உதவாமல் நிற்கும் ஒன்றாக அது ஆகிவிடக்கூடும். பழைய தச்சர்கள் படகை மாற்றுவதைவிடப் புதிதாகக் கட்டுவதையே விரும்பியதன் காரணம் இதில் விளங்கும்.

வத்தை தந்த விடை

ஆயினும் தட்டையடிப் படகு பாயேற்றி ஓடவே முடியாது என்று முடிவு கட்டுதல் தவறு. அதிராம்பட்டினம் முதல் கோடியக்கரை வரையுள்ள கடற்பகுதியில் வழங்கிய வத்தை அதற்குச் சான்று. வத்தையின் அடி தட்டையானது; ஆழமற்ற நீரில் செல்லத்தக்கது. ஆயினும் அது பாய் விரித்து ஓடியது. இதற்கு அது பயன்படுத்திய கருவிகள் இரண்டு. ஒன்று, படகின் பக்கத்தில் நீருக்குள் இறக்கப்படும் பலகை. அது இல்லாத ஏராவின் வேலையைச் செய்து நழுவலைத் தடுத்தது. மற்றொன்று, காற்று வரும் பக்கமாக வெளியே நீண்டிருக்கும் குறுக்குப் பலகை; காற்று வலுத்தால் ஆட்கள் அதன்மேல் ஏறிச் சென்று தம் உடலின் பாரத்தால் படகை நிமிர்த்தினர். பாரம் ஏற்றிய கல்லுக்குப் பதிலாக மனிதரே அடிப்பாரமாயினர்.

சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வு, இக்கரைப் படகுகளைத் தென்கிழக்கு ஆசிய, பசிபிக் தீவுப் படகுகளோடு ஒப்பிட்டு உலகின் பார்வைக்குக் கொண்டு வந்தது. அவருக்குப் பின், ஷான் மெக்கிரெயில் தலைமையில் லூசி புளூ, எரிக் கென்ட்லி, காலின் பால்மர் ஆகியோர் 1990களில் தமிழகக் கரையில் நேரில் அளந்து ஆராய்ந்து, வத்தை கட்டும் முறையைப் பதிவு செய்தனர். அவர்கள் நூல் 2003இல் வெளிவந்தது. ஆழமற்ற கடலைச் சார்ந்த ஒல்லாந்தரும் தம் தட்டையடிக் கலங்களின் இரு பக்கமும் இத்தகைய பலகைகளைத் தொங்கவிட்டனர். ஒரே வகையான நீர் ஒரே வகையான அறிவைத் தந்தது எனலாம்.

ஆனால் வத்தை பிறந்த நீர் பாக் விரிகுடா. ஆழமற்றது, இலங்கையின் மறைவில் இருப்பதால் வங்கக் கடலின் பேரலை உள்ளே வராதது. அங்கே படகு நங்கூரமிட்டு நீரிலேயே நிற்கலாம். பொம்மையார்பாளையத்தின் முன் உள்ள கடல் அத்தகையதன்று. இங்கே அலை கரையிலேயே உடைகிறது, மறைவு இல்லை, படகு ஒவ்வொரு நாளும் அலையைக் கடந்து மணலில் ஏற வேண்டும். வத்தையின் விடையை இங்கே கொணர்ந்து நடுவது, கழனியின் நாற்றை மேட்டில் நடுவது போன்றது.

கட்டுமரம் தந்த விடை

இக்கரையில் அலைக்குத் தக்க கலங்கள் இரண்டு இருந்தன. ஒன்று மசூலாப் படகு. புதுச்சேரியில் சலங்கு எனப்பட்டது. பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்து, விலாச்சட்டமின்றிச் செய்யப்பட்டதால், அலையில் மோதும்போது அது உடையாமல் நெளிந்து கொடுத்தது. துறைமுகம் இல்லாத சென்னையிலும் புதுச்சேரியிலும் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கடத்தியது அதுவே. நெளியும் உடலே அதன் வலிமை. ஆகவே அது துடுப்புக்கு உரியதாகவே நின்றது. பாய்மரம் கேட்கும் விறைப்பான உடல் அதற்கு இல்லை.

மற்றொன்று கட்டுமரம். இலேசான கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த இதற்கு உட்குழிவே இல்லை. உள்ளே புகுந்து மூழ்கடிக்க நீருக்கு இடமில்லை. கரை சேர்ந்ததும் அவிழ்த்து மணலில் காயவிடலாம். முக்கோணப் பாயும், கட்டைகளின் இடுக்கில் செருகி நீருக்குள் இறக்கும் பலகையும் சேர்ந்து, பக்கக் காற்றிலும் அது தன் வழியில் ஓட உதவின. விடியலுக்கு முன் கரைக்காற்றில் கடல் புகுந்து, பகலில் கடற்காற்று எழுந்தபின் கரை திரும்புவது இக்கரை மீனவர் வாழ்வின் ஒழுங்காக இருந்தது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என அவர்கள் காற்றுக்குப் பெயரிட்டது கவிதைக்காக அன்று. பாயை எப்பக்கம் திருப்புவது என்பதற்காக.

1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் இம்மரத்தைக் குறிப்பிட்டார். தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் நிலைத்தது. 1876இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாப் இரண்டு உடல்களை இணைத்துச் செய்த பாய்ப்படகை ஓட்டி வென்றபின், அவ்வகைக் கலத்துக்கும் கட்டுமரம் என்னும் பெயரே உலகெங்கும் வழங்கலாயிற்று. ஆனால் அது உருவத்தால் சங்காடத்தின் உறவு. பெயரால் மட்டுமே கட்டுமரத்தின் உறவு. தென்னமெரிக்காவின் பால்சா மரத் தெப்பங்களிலும் கட்டைகளுக்கு இடையே செருகும் பலகைகள் இருந்தன. 1947இல் கோன்-டிக்கித் தெப்பத்தில் பசிபிக்கைக் கடந்த தோர் ஹெயர்டாலுக்கு அவற்றின் முழுப் பயனும் அப்போது விளங்கவில்லை. 1953இல் எக்குவடோர்க் கரையில் நடத்திய சோதனையிலேயே, அப்பலகைகளைக் கொண்டு தெப்பத்தைக் காற்றுக்கு எதிராகவும் செலுத்தலாம் என்பது தெளிவாயிற்று. சோழமண்டலக் கரை மீனவர் எழுதி வைக்காமல் கையில் வைத்திருந்த அறிவு அது.

எந்திரமும் கரையும்

1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வேத் திட்டம் மீன்பிடியில் எந்திரத்தைப் புகுத்தியது. தமிழகமும் அவ்வழியே சென்றது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, பாயை மீண்டும் எண்ணிப் பார்க்கும் நிலை உலகெங்கும் எழுந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணலில் ஏறத்தக்க படகுகளை வகுத்து ஓட்டிப் பார்த்தது. எந்திரத்தோடு பாயையும் சேர்த்து ஆராய்ந்தது. அத்திட்டத்தாரும் ஆற்றுப் படகை எடுத்துத் திருத்த முற்படவில்லை; இக்கரையின் அலையை முதலில் வைத்து, அதற்கேற்ற உடலைப் புதிதாக வரைந்தனர். நவீன பொறியியலும் பழைய தச்சரின் முடிவுக்கே வந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையின் மரங்களையும் படகுகளையும் வாரிச் சென்றது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளும் வெளிப்பொருத்து எந்திரங்களும். கட்டுமரமும் அதன் பாயும் அதற்கு முன்பே குறைந்து வந்தன. அதற்குப் பின் அரிதாயின.

படகைப் பற்றிய கேள்விக்கு இறுதியில் கரையும் விடை கூற வேண்டும். 1986க்கும் 1989க்கும் இடையில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துவரும் மணல் அங்கே தடுக்கப்பட்டது. வடக்கே உள்ள கரைகள் மணல் வரவின்றித் தேய்ந்தன; புதுச்சேரியில் தொடங்கிய அரிப்பு பொம்மையார்பாளையம் வரையுள்ள மீனவர் ஊர்களையும் எட்டியது. கல் கொட்டிய கரையில் கட்டுமரத்தை அவிழ்த்துக் காயவைக்க இயலாது. படகை இழுத்து ஏற்றவும் இயலாது. காற்று இருக்கிறது, கடல் இருக்கிறது. பாய்க்கலம் வந்து ஏற மணல் இல்லை.

முடிவு

ஆகவே, ஆற்றுப் படகுக்குப் பாய் கட்டலாமா என்னும் கேள்விக்கு இக்கரை வரலாறு தரும் விடையை இவ்வாறு தொகுக்கலாம். ஆற்றுக்குள்ளும் கழிக்குள்ளும் பின்காற்றில் செல்வதற்கு ஒரு சிறு பாய் போதும்; அதற்குப் படகை மாற்ற வேண்டியதில்லை. பாக் விரிகுடா போன்ற ஆழமற்ற, மறைவான கடலாயின் வத்தையைப் பின்பற்றிப் பக்கப் பலகையும் சமன் பலகையும் சேர்க்கலாம். அப்போதும் பாய்மரம் நிற்கும் இடத்தை வலுப்படுத்திய பின்னரே பாய் ஏற வேண்டும். பொம்மையார்பாளையம் போன்று அலை உடையும் திறந்த கரையாயின், ஆற்றுப் படகை ஆற்றிலேயே விடுவதுதான் முறை. அப்படகின் குறையன்று அது. அது வேறொரு நீருக்காகப் பிறந்தது.

முன்னோர் ஒவ்வொரு நீருக்கும் ஒரு கலமும், ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு பெயரும் வைத்தனர். பஃறியையும் திமிலையும் நாவாயையும் வேறுபாடின்றி ஆளும் கவிஞர் யாப்பில் பிழை செய்வதில்லை. ஆனால் ஒரு கரையின் நினைவை இழக்கிறார். சொல்லில் அவ்வேறுபாடு இருந்தவரை, எந்தப் படகில் எந்த நீருக்குப் போகலாகாது என்பதைச் சிறுவரும் அறிந்திருந்தனர். கடலில் தந்தையை அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கும் வீட்டாருக்கு அவ்வறிவே முதற் காப்பு.